திப்பி தின்ற மீன் ஏன் எடை ஏறுவதில்லை? பண்ணைக்குட்டைத் தீவனத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் பண்ணைக்குட்டை வெட்டி கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை மீன்களை விட்டிருப்பவர்களுக்குச் சுலபமாகக் கைக்கு வருவது திப்பிதான். ஜவ்வரிசி ஆலையில் குச்சிக்கிழங்கை அரைத்து மாவு எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கை அது. விலை குறைவு, மாடு தின்கிறது, மீனும் தின்னும் என்று மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். மீன் தின்னத்தான் செய்யும். எடைதான் ஏறாது.

கெண்டை இனங்களுக்குத் தீவனத்தில் 25 முதல் 30 சதவீதம் புரதம் வேண்டும். குஞ்சுகளுக்கு அதற்கும் மேல். திப்பியில் 2, 3 சதவீதம் தேறினாலே பெரிது. மீதியெல்லாம் மாவுச்சத்தும் நாரும். மாவுச்சத்து அளவுக்கு மீறினால் குடலைச் சுற்றியும் ஈரலிலும் கொழுப்பாகத் தங்கிவிடும். பக்கத்துக் குட்டைக்காரர் ஒருவர் பத்து மாதம் திப்பியே போட்டு வளர்த்த ரோகுவை என் முன்னால் அறுத்தார். வயிறு புடைத்திருந்தது. "என்னங்கண்ணா, சினையா?" என்றேன். "சினை எங்கப்பா, எல்லாம் கொழுப்பு" என்று விரலால் வழித்துக் காட்டினார். மீன் கால் கிலோகூட வரவில்லை.

கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் எடைக்கு எடை கலந்தாலே தேவையான புரதம் ஏறக்குறைய வந்துவிடும். கொஞ்சம் மீன்தூளோ சோயாப் புண்ணாக்கோ சேர்த்தால் கடலையில் குறைவாக உள்ள லைசின் போன்ற அமினோ அமிலங்களும் ஈடாகும். திப்பியைக் கலவையில் சிறு பங்காக வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

ஆனால் பூஞ்சை பிடித்த புண்ணாக்கை மட்டும் குட்டைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும். வெயிலில் உலர்த்தினாலும் வேகவைத்தாலும் அது முழுக்கப் போகாது. 'மாட்டுக்குத்தான் ஆகாது, மீனுக்குப் போட்டுவிடலாம்' என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மனசு பதறுகிறது.

அடுத்த தவறு, இதைவிடப் பெரியது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பசிக்கிறது என்று நினைத்து இன்னும் ஒரு கூடை அள்ளி வீசுகிறார்கள். அது பசி இல்லை, மூச்சுத்திணறல். தின்னாமல் அடியில் தங்கிய தீவனம் அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். இரவு முழுக்கப் பாசியும் மீனும் அதையே சுவாசிப்பதால் விடியலில் இருப்பு மிகவும் குறைந்துவிடும். பசித்த மீன் காலடிச் சத்தம் கேட்டுக் கரையோரம் கூடி, போட்டதைப் பாய்ந்து தின்னும். திணறுகிற மீன் குட்டை முழுக்க மேலே மிதந்து நிற்கும், தீவனத்தைத் தொடாது. அன்று தீவனத்தை நிறுத்திவிட்டு, மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து தெளித்து விழச் செய்யுங்கள். மேகமூட்டமான நாட்களிலும் அளவைக் குறைக்க வேண்டும்.

சரி, எவ்வளவு போடுவது? மாதம் ஒருமுறை வலை வீசிச் சில மீன்களை எடைபோடுங்கள். சராசரி 200 கிராம், 500 மீன் என்றால் மொத்தம் 100 கிலோ. அதில் 3 சதவீதம், அதாவது நாளுக்கு 3 கிலோ, காலையும் மாலையுமாகப் பிரித்துப் போடலாம். குஞ்சாக இருக்கும்போது 5 சதவீதம்வரை. கலவைத் தீவனத்தை அப்படியே வீசாமல், உரச்சாக்கில் ஓட்டை போட்டு, அதில் நிரப்பி மூங்கிலில் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் சாக்கில் மிச்சம் இருந்தால் மறுநாள் குறைக்க வேண்டியதுதான். மிர்கால் அடியில் மேய்கிற மீன் என்பதால் ஒரு சாக்கையாவது தாழ்வாகக் கட்டுங்கள்.

ஏற்காடு மாதிரி குளிர்ந்த இடத்தில் மார்கழி, தை மாதங்களில் தண்ணீர் சில்லென்று ஆனதும் கெண்டைக்குத் தீனி பாதியாகக் குறையும். கீழே சமவெளியில் போடுகிற கணக்கை மேலே போடக் கூடாது.

கடையில் வாங்கும் குருணைத் தீவனத்தில் மூட்டையின் தேதியைப் பாருங்கள். நாள்பட்டால் அதிலுள்ள வைட்டமின் சி குறைந்துவிடும். அந்தக் குறைபாடு வந்த குஞ்சுகளுக்கு முதுகெலும்பு வளைந்துபோகும். வளைந்த பின் எந்தத் தீவனம் போட்டாலும் அது நிமிராது.