அட்லஸில் விழும் ஒரு தப்புக் கோடு

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் முன், நோயாளியின் சிடி ஸ்கேனில் ஸ்லைஸ் ஸ்லைஸாகத் தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பிகள், பார்வை நரம்பு என்று காப்பாற்ற வேண்டிய உறுப்புகளுக்கெல்லாம் எல்லைக்கோடு வரைய வேண்டும். கையால் வரைந்தால் மணிக்கணக்கில் ஆகும். அதனால்தான் ஏற்கெனவே வரைந்த ஸ்கேன்களை அட்லஸாகத் தொகுத்து வைக்கிறார்கள். மென்பொருள் அதைப் புது நோயாளியின் ஸ்கேனோடு பொருத்திக் கோடுகளை இறக்கிவிடும். அட்லஸில் ஒரு கோடு பிசகினால், அடுத்து வருகிற எல்லாருக்கும் அந்தப் பிசகு போகும்.

அட்லஸ் தயாரிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, வரையும் விதத்தை முதலில் பேசி முடிக்காதது. காதுக்கு முன்னால் இருக்கும் பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியையே பாருங்கள். தாடை எலும்புக்குப் பின்னால் உள்ளே போகும் அதன் ஆழமான பகுதியை ஒரு மருத்துவர் சேர்ப்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். இரண்டு பரோடிட்களுக்கும் சராசரி டோஸ் 25 கிரேக்குள் (கிரே என்பது கதிர்வீச்சு டோஸின் அலகு) இருக்க வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. சுரப்பியின் ஒரு பகுதியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு? சிகிச்சை முடிந்தபின் தண்ணீர் குடிக்காமல் ஒரு வாய் சோறு விழுங்க முடியாமல் தவிப்பவர் நோயாளிதான். தலை, கழுத்து உறுப்புகளை வரைவதற்கு 2015இல் பன்னாட்டு வழிகாட்டுதல் வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

அடுத்தது, ஒரே உடலை நம்புவது. 1988இல் வெளியான டலைராக் மூளை அட்லஸ் 60 வயதுப் பெண் ஒருவரின் மூளையை வைத்து உருவானது. சிகிச்சைக்கு அப்படி ஒன்று போதாது. ஒல்லியானவர், பருமனானவர், பல்லில் உலோகம் அடைத்தவர் எல்லாரும் அட்லஸில் வேண்டும். அறுவையில் தாடைக்கீழ்ச் சுரப்பியை எடுத்துவிட்டவருக்கும் மென்பொருள் அங்கே ஒரு சுரப்பியை வரைந்து வைக்கும்!

வரைந்த உறுப்புகளுக்கு இடும் பெயர்களிலும் கவனம் வேண்டும். இடமும் வலமும் மாறினால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, இரண்டு பரோடிட்களும் ஒரே மாதிரிதானே இருக்கின்றன.

அப்புறம், டைஸ் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவது. இரு வரைவுகள் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்பதைத்தான் அது சொல்லும். முழுதாகப் பொருந்தினால் 1. பெரிய உறுப்பில் அது சுலபமாக 0.9 தாண்டும். சில மில்லிமீட்டரே தடிமனுள்ள பார்வை நரம்புச் சந்திப்பில் 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே சரிந்துவிடும். கோடு எந்தப் பக்கம் விலகியது என்பதை அது சொல்லாது. தண்டுவடத்தை வரையும்போது கட்டி இருக்கும் பக்கமாக 3 மில்லிமீட்டரை வரையாமல் விட்டிருந்தால், டோஸ் செங்குத்தாக ஏறும் இடம் அதுதான். அதனால் எல்லைகளுக்கு இடையிலான தூரத்தை அளவிடுங்கள், டோஸ் எவ்வளவு மாறுகிறது என்றும் பாருங்கள். சோதனைக்கு எடுக்கும் ஸ்கேன் அட்லஸில் இல்லாத நோயாளியுடையதாக இருக்கட்டும்.