ஆஸ்பத்திரிச் சந்திப்புக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு

வேலூர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்து ஜெபிக்கிற எங்கள் சபையின் சந்திப்பு ஊழியத்துக்குப் பெயர் கொடுக்கிற வாலிபப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "டீச்சரம்மா, கட்டிலருகே போய் என்ன பேச வேண்டும்?" என்பதுதான். பேச ஒன்றும் எடுத்துப் போகாதீர்கள். கொரிந்து பட்டணத்துக்கு அப்போஸ்தலர் பவுல் எப்படிப் போனார் என்று, கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 2-ஆம் அதிகாரத்தில் அவரே எழுதியிருக்கிறார்: பலவீனத்தோடும், பயத்தோடும், மிகுந்த நடுக்கத்தோடும். உங்களுக்கும் கை நடுங்கினால் அப்படியே வாருங்கள். நடுங்காதவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

ஆயத்தம் வீட்டிலேயே நடக்க வேண்டும். முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இன்றைக்கு என் கையில் ஒன்றுமில்லை" என்று சொல்லுங்கள். ஒரே ஒரு சங்கீதத்தை வாரம் முழுவதும் வாசியுங்கள். ஒவ்வொரு நாளும் புதுப் பகுதியைத் தேடினால் பிரசங்கம் தயாராகிவிடும். பிறகு அதை யார் தலையிலாவது இறக்கியே தீர வேண்டும் என்று தோன்றும்.

வார்டுக்குள் நுழையுமுன் நர்ஸிடம் அனுமதி கேளுங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மல்லிகைப்பூவும் சென்ட்டும் வேண்டாம். கீமோதெரபி எடுப்பவர்களுக்கு அந்த வாசனையே குமட்டும். கட்டிலில் உட்காராதீர்கள். நோயாளி கழுத்தைத் திருப்பாமல் பார்க்கிற இடத்தில் இருங்கள். இதெல்லாம் ஆவிக்குரிய காரியமா என்று ஒரு தம்பி கேட்டான். 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு இதே வேலூரில் வைத்தியத்தைத் தொடங்கிய அமெரிக்க மிஷனெரி டாக்டர் ஐடா ஸ்கடர், ஜெபத்தோடு நிற்கவில்லை. மருத்துவம் படித்துவிட்டுத்தான் வந்தார். தேவபெலத்தை நம்புகிறவருக்குச் சோப்பு வேண்டாம் என்று எந்த வசனமும் இல்லை.

பிறகு, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து லாட்ஜில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவர்களுக்கு, கேட்கும் காதுதான் அரிது. மொழி தெரியவில்லையா? பக்கத்தில் அமைதியாக இருங்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் நாம் உளறுகிறோம். கர்த்தர் எலியா தீர்க்கதரிசியைச் சந்தித்ததே மெல்லிய சத்தத்தில்தான். தொண்டை கிழியக் கத்துவதற்கும் பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்கும் சம்பந்தம் இருந்தால், காட்பாடி ரயில் நிலைய ஒலிபெருக்கிக்குத்தான் முதல் இடம்.

"ஜெபிக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று தலையசைத்தால், சிரித்த முகத்தோடு விட்டுவிடுங்கள். வேறு மதத்தவரென்றால் இன்னும் கவனம். படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது என்பதை மறக்காதீர்கள். சரி என்றால், அவர் சொன்ன ஒரு காரியத்தை மட்டும் எடுத்து, தமிழிலேயே, ஒரு நிமிடத்துக்குள் ஜெபியுங்கள்.

மூன்று வாக்கியங்கள் உங்கள் வாயில் வரவே கூடாது. "நிச்சயம் சுகமாகிவிடும்", "மாத்திரையை நிறுத்துங்கள்", "ஏதோ பாவம் இருக்கிறது". முதலாவது, கர்த்தர் தராத வாக்கை அவர் பெயரில் தருவது. இரண்டாவது உயிரை எடுக்கும். மூன்றாவதற்கு யோவான் 9-இல் இயேசுவே பதில் சொல்லிவிட்டார்: பிறவிக் குருடனின் நிலைக்கு அவனுடைய பாவமும் காரணமல்ல, பெற்றவர்களுடைய பாவமும் காரணமல்ல என்று. சுகம் கேட்டு ஜெபிக்கலாம், தாராளமாகக் கேட்கலாம். முடிவு அவருடையது; அதை நீங்கள் முன்கூட்டியே அறிவிக்காதீர்கள்.

சுகமானால், ஞாயிறு ஆராதனையில் நோயாளியின் பெயரையும் நோயையும் சொல்லிச் சாட்சி கொடுக்காதீர்கள். அவர் சம்மதித்தால் அவரே சொல்லட்டும். மரித்துப்போனால் அதற்காக உங்கள் விசுவாசத்தை அளந்து பார்க்க வேண்டாம். அன்றைக்குத்தான் உண்மையான வேலை இருக்கிறது. தூர மாநிலக் குடும்பம் உடலைக் கொண்டுபோக இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்தியதற்கான (எம்பாமிங்) சான்று, வண்டி என்று அலையும். எந்தக் கவுன்ட்டர் என்று காட்டுங்கள். அவர்களுடைய பைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், தேநீர் வாங்கிக் கொடுங்கள். அந்த நேரத்தில் வசனம் வேண்டாம்.

லூக்கா 10-இல் இயேசு சீஷர்களை அனுப்பினபடி இரண்டு இரண்டு பேராகத்தான் போக வேண்டும். தங்கைகள் தனியாக வர வேண்டாம், தம்பிகளும்தான். இந்தச் சனிக்கிழமை வருகிறவர்கள் நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வேலூர் வெயிலில் பட்டினியோடு வந்து மயங்கி விழுந்தால் நர்ஸுக்குத்தான் கூடுதல் வேலை.