நடு கேம்பெயினில் 2024 விதிகளுக்கு மாறுவது எப்படி

கேம்பெயின் (பல வாரம் தொடர்ந்து ஆடும் ஒரே கதை) பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது விதிகளின் புதுப் பதிப்பு வந்தால், வேலை முழுக்க டிஎம் (கதையை நடத்துகிறவர்) தலையில்தான் விழும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டில் 2014 விதிகளோடு பத்து வருடம் ஓட்டியவர்களுக்கு 2024 செப்டம்பரில் புது பிளேயர்ஸ் ஹேண்ட்புக் வந்தது, நவம்பரில் டிஎம் கைடு, மான்ஸ்டர் மேனுவல் மட்டும் 2025 பிப்ரவரியில். மூன்றும் ஒன்றாக வராததால் எங்கள் மேசையில் கொஞ்ச நாள் பழையதும் புதியதும் கலந்தே ஓடியது, அதில் வந்த சண்டைகள் போதும் போதும் என்றாகிவிட்டது. நீங்களாவது அதைத் தவிர்க்கலாம்.

முதலில், மாறத்தான் வேண்டுமா? கதை முடிய நாலைந்து செஷன்தான் பாக்கி என்றால் மாறாதீர்கள், பழைய புத்தகத்தை யாரும் வந்து பிடுங்கிக்கொண்டு போகப் போவதில்லை. இன்னும் ஆறு மாதம் ஓடும் என்றால் மாறலாம். அதற்காக ஆளுக்கொரு புத்தகம் வாங்க வேண்டாம், எஸ்ஆர்டி 5.2 என்ற அடிப்படை விதித்தொகுப்பு 2025 ஏப்ரலிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, முதலில் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மாறும் நாளையும் பார்த்து வையுங்கள். குகைக்குள் பாதி சண்டையில் வேண்டாம். எல்லோரும் ஊர் திரும்பி, லாங் ரெஸ்ட் (ஒரு ராத்திரி ஓய்வு) எடுத்து, லெவல் ஏறும் இடம்தான் சரி.

அடுத்து கேரக்டர் ஷீட். பழைய ஷீட்டில் அடித்துத் திருத்தாதீர்கள். புதுத் தாள் எடுத்து, அதே பெயர், அதே லெவல், முதல் லெவலிலிருந்து திரும்பக் கட்டுங்கள். ஏனென்றால் எண்கள் மட்டும் மாறவில்லை, அவை வரும் இடமே மாறிவிட்டது. முன்பு இனத்தோடு வந்த எபிலிட்டி ஸ்கோர் (பலம் போன்றவற்றின் எண்) கூடுதல் இப்போது பேக்கிரவுண்டோடு (கேரக்டரின் முந்தைய வாழ்க்கை) வருகிறது, அதோடு ஒரு ஆரிஜின் ஃபீட்டும் (தொடக்கத்திலேயே கிடைக்கும் சிறப்புத் திறன்) சேர்ந்து வருகிறது, சப்கிளாஸ் (தொழிலின் உட்பிரிவு) எல்லோருக்கும் மூன்றாம் லெவலில்தான்.

எங்கள் மேசையில் ஐந்தாம் லெவல் குள்ளர் பலடின் (புனிதப் போர்வீரர்) ஒருவர் இருந்தார், மவுண்டன் டுவார்ஃப் என்ற குள்ளர் வகை. பழைய கணக்கில் ஸ்ட்ரெங்த் 15 + 2 = 17, கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14 + 2 = 16. புதியதில் சோல்ஜர் பேக்கிரவுண்ட் எடுத்தார், ஸ்ட்ரெங்த்துக்கு 2 போக கான்ஸ்டிடியூஷனுக்கு 1தான் மிச்சம், அதனால் 15. மாடிஃபையர் (ஸ்கோரிலிருந்து வரும், லெவலுக்கொருமுறை உயிரில் சேரும் எண்) +3இலிருந்து +2 ஆக, ஐந்து லெவலுக்கு ஐந்து ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) போச்சு. உடனே அவர் முகம் தொங்கிவிட்டது. ஆனால் புதிய விதியில் எல்லாக் குள்ளர்களுக்கும் லெவலுக்கு ஒரு ஹிட் பாயிண்ட் கூடுதல் உண்டு (முன்பு ஹில் டுவார்ஃபுக்கு மட்டும்தான்), போன ஐந்தும் திரும்பி வந்துவிட்டது. பழைய ஷீட்டை அங்கங்கே திருத்தியிருந்தால் இந்த ஐந்து எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

உண்மையான தகராறு அதற்கப்புறம்தான், ஸ்மைட்டில் (பலடின் தன் அடியோடு சேர்க்கும் புனிதத் தாக்குதல்). பழைய விதியில் ஒரே டர்னில் இரண்டு அடியும் பட்டால் இரண்டிலும் ஸ்மைட் போடலாம், இரண்டாம் லெவல் ஸ்லாட் (ஸ்பெல்லுக்குச் செலவாகும் இருப்பு) இரண்டையும் கொட்டினால் 6டி8 (எட்டுமுக டைஸ் ஆறு) கூடுதல். இப்போது டிவைன் ஸ்மைட் ஒரு ஸ்பெல், டர்னுக்கு ஒன்றே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் போட வேண்டும், ஆகவே டர்னுக்கு ஒன்றுதான். பதிலுக்கு லாங் ரெஸ்டுக்கு ஒருமுறை ஸ்லாட் இல்லாமல் போடலாம், லே ஆன் ஹேண்ட்ஸும் (தொட்டுக் குணமாக்குவது) போனஸ் ஆக்‌ஷனாகிவிட்டது, வார்ஹாமரால் அடித்தால் எதிரியைப் பத்தடி தள்ளலாம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஆனால் நியாயமோ இல்லையோ, பலடின் ஆடுகிறவரிடம் இதை முதல் சண்டைக்கு முன்பே தனியாகச் சொல்லிவிடுங்கள். பாஸ் மான்ஸ்டர் முன்னால் நின்று, டைஸை உருட்டிவிட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமில்லை இது. நான் அப்படித்தான் விட்டேன், அந்த செஷன் அதோடு முடிந்தது.

புத்தகத்தில் இல்லாத பழைய சரக்கு இருக்குமே, அதற்கும் வழி உண்டு. ஹாஃப்-எல்ஃப் என்ற இனம் புது ஹேண்ட்புக்கில் இல்லை, ஆனால் பழையதையே வைத்துக்கொள்ளலாம்: இனத்தில் எழுதியிருக்கும் ஸ்கோர் கூடுதலை விட்டுவிட்டு பேக்கிரவுண்டிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும், பழைய பேக்கிரவுண்டில் ஃபீட் இல்லையென்றால் ஒரு ஆரிஜின் ஃபீட் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ஆட்களைக் கவிழ்ப்பது பெரிய மாற்றங்கள் அல்ல, பழகிப்போன சின்ன விதிகள்தான். அரைத்தாளில் எழுதி மேசை நடுவில் வையுங்கள்: போஷன் குடிப்பது போனஸ் ஆக்‌ஷன். சர்ப்ரைஸ் ஆனவருக்கு (எதிர்பாராமல் தாக்கப்பட்டவர்) முதல் டர்ன் போகாது, இனிஷியேட்டிவில் (யார் முதலில் என்ற உருட்டல்) டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு உருட்டிக் குறைந்ததை எடுப்பது) மட்டும். எக்ஸாஸ்ஷன் (களைப்பு) ஒவ்வொரு லெவலுக்கும் டி20 (இருபதுமுக டைஸ்) உருட்டலில் 2 குறையும், வேகத்தில் ஐந்தடி குறையும், ஆறாவதில் சாவு. கிராப்பிளுக்கு (எதிரியைப் பிடித்து மடக்குவது) இனி இருவரும் உருட்ட வேண்டாம், பிடிபடுகிறவர் சேவ் (தப்பிப்பதற்கான உருட்டல்) போட்டால் போதும். காயம் ஆற்றும் ஸ்பெல்லான க்யூர் வூண்ட்ஸ் 2டி8.

இதில் அதிகம் தடுமாறியது நான்தான். ஒளிந்திருந்து தாக்கிய என் காப்லின்களுக்குப் பழையபடி ஒரு ரவுண்டு இலவசமாகக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்டேன்.

மான்ஸ்டர்களுக்கு வந்தால், பழைய சாகசப் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம், அதே பெயரில் புது ஸ்டாட் பிளாக் (மான்ஸ்டரின் எண்கள் அடங்கிய பெட்டி) இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். என்கவுன்டர் கணக்கு (ஒரு சண்டைக்கு எத்தனை மான்ஸ்டர் என்பது) எளிதாகிவிட்டது: முன்பு நான்கு காப்லின் என்றால் எக்ஸ்பியை (அனுபவப் புள்ளி) இரண்டால் பெருக்கித்தான் சண்டை எவ்வளவு கடினம் என்று பார்ப்போம், அந்தப் பெருக்கல் இப்போது கிடையாது. புது கேரக்டர்கள் கொஞ்சம் பலசாலிகள் என்பதால் எண்ணிக்கையை ஏற்றக் கை துறுதுறுக்கும், முதல் இரண்டு சண்டைக்கு ஏற்றாதீர்கள்.

இதற்கே அலுத்துக்கொள்கிறவர்கள் மூன்றாம் பதிப்பு வந்த 2000ஆம் வருடத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் பதிப்பில் ஏசி (அடி படாமல் காக்கும் கவச எண்) குறையக் குறைய நல்லது, தாக்கோ (ஏசி 0 உள்ளவரை அடிக்கத் தேவையான உருட்டல்) வைத்துக் கழித்துத்தான் அடி பட்டதா என்று பார்க்க வேண்டும். மூன்றாம் பதிப்பில் எல்லாம் தலைகீழ். அந்தக் காலத்து மாட்யூல் (சாகசப் புத்தகம்) கையில் இருந்தால் 20லிருந்து பழைய ஏசியைக் கழியுங்கள்: 3 என்றால் 17, மைனஸ் 2 என்றால் 22. அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள், மற்ற எண்களை மாற்ற உட்கார்ந்தால் ராத்திரி போய்விடும், அதே பெயருள்ள இன்றைய மான்ஸ்டரை வைப்பதே மேல்.

கடைசியாக ஒன்று: மாறிய பிறகு இரண்டு செஷன் வரை யார் வேண்டுமானாலும் ஃபீட், ஸ்பெல், வெப்பன் மாஸ்டரி (ஆயுதத்தோடு வரும் சிறப்பு வித்தை) எதையும் கேள்வி கேட்காமல் மாற்றிக்கொள்ளலாம் என்று விடுங்கள். மூன்றாவது செஷனில் ஷீட்டுகளை போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிடுங்கள், அதற்கு மேல் மாற்றம் கிடையாது. எங்கள் பலடின் அந்த இரண்டு செஷனுக்குள் பேக்கிரவுண்டை மூன்று முறை மாற்றிவிட்டு சோல்ஜருக்கே திரும்பி வந்தார்.