ஒரு கேசட்டும் 13 பெண்களும்: குற்றக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1979 ஜூன் மாதம் இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயர் காவல்துறைக்குத் தபாலில் ஒரு கேசட் வந்தது. "நான் ஜாக்" என்று தொடங்கிய அந்தக் குரல், விசாரணையை நடத்திவந்த ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்டைப் பெயர் சொல்லிச் சீண்டியது. அந்தப் பகுதியில் நான்கு ஆண்டுகளாகப் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அதே ஆளிடமிருந்து ஏற்கெனவே கடிதங்களும் வந்திருந்தன. இதுதான் கொலைகாரனின் குரல் என்று காவல்துறை நம்பியது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிபரப்பியதோடு, ஒரு எண்ணுக்கு போன் செய்தால் யாரும் கேட்கலாம் என்றும் ஏற்பாடு செய்தது. பேச்சு சந்தர்லாண்ட் பக்கத்து வட்டார வழக்கு. அப்படிப் பேசாதவர்கள் சந்தேகப் பட்டியலிலிருந்து சுலபமாக நழுவினார்கள்.

கொலைகளைச் செய்த பீட்டர் சட்க்ளிஃப், பிராட்ஃபோர்டில் வசித்த லாரி ஓட்டுநர். அவன் பேசியது யார்க்‌ஷயர் வட்டார வழக்கு. 1975 முதல் 1980 வரை அவன் கொன்றது 13 பெண்களை. அவர்களில் மூவர் அந்த கேசட் வந்த பிறகு இறந்தவர்கள்.

குற்றக் கதைகளைப் படிப்பவர்களும் யூடியூபில் சொல்பவர்களும் இந்த வழக்கை ஒருமுறையாவது நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அன்று காவல்துறை செய்த தவறுகளை இன்று நாமும் செய்துகொண்டிருக்கிறோம்.

"இது கொலைகாரனுக்கு மட்டுமே தெரிந்த விஷயம்" என்ற வாக்கியத்தைக் கேட்டதும் தலையாட்டிவிடக் கூடாது. கடிதங்களை நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த விவரங்கள் ஏற்கெனவே செய்தித்தாள்களில் வந்தவைதான். குரலை ஆராய்ந்த ஸ்டான்லி எல்லிஸ், ஜாக் வின்ட்சர் லூயிஸ் என்ற இரு மொழியியலாளர்களும் இது ஏமாற்று வேலையாக இருக்கலாம் என்று காவல்துறையை எச்சரித்தார்கள். எடுபடவில்லை. கேசட் அனுப்பிய ஜான் ஹம்பிள் என்பவர் கொஞ்ச நாளிலேயே காவல்துறைக்கு போன் செய்து, அது போலி என்று சொல்லியும் பார்த்தார். அதுவும் எடுபடவில்லை. கடித உறையில் ஒட்டியிருந்த எச்சிலின் டிஎன்ஏவை வைத்து 2005-இல்தான் அவரைப் பிடித்தார்கள். எட்டு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

அடுத்தது, "மகா புத்திசாலி, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவினான்" என்று கதை கட்டுவது. இந்தத் தவறு எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கிறது. சட்க்ளிஃபைக் காவல்துறை ஒன்பது முறை விசாரித்திருக்கிறது. 1977-இல் மான்செஸ்டரில் கொல்லப்பட்ட ஜீன் ஜோர்டனின் கைப்பையில், கொலைகாரன் கொடுத்திருக்கக்கூடிய ஒரு புத்தம் புது 5 பவுண்டு நோட்டு கிடைத்தது. அது எந்தெந்த நிறுவனங்களின் சம்பளக் கவர்களில் போயிருக்கலாம் என்றுகூடக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பட்டியலில் அவன் வேலை செய்த நிறுவனமும் இருந்தது. பாலியல் தொழில் நடக்கும் தெருக்களில் அவன் கார் திரும்பத் திரும்பக் குறிக்கப்பட்டிருந்தது. 1980 நவம்பரில் அவனுடைய நண்பர் ஒருவரே பெயரைச் சொல்லிக் காவல்துறைக்குக் கடிதம் எழுதினார். எல்லாம் வெவ்வேறு அட்டைகளிலும் கோப்புகளிலும் கிடந்தன. ஒன்றோடொன்று சேரவே இல்லை. அதனால் தப்பித்தவனை மேதை என்று சொன்னால், கோப்புகள் தூங்கியதைப் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இந்த வழக்கில் பட்ட அடியால்தான் பிரிட்டிஷ் காவல்துறை 1980-களில் 'ஹோம்ஸ்' என்ற கணினி முறைக்கு மாறியது.

அவன் பிடிபட்டதும் ஒரு சாதாரண ரோந்தில்தான். 1981 ஜனவரி 2 அன்று ஷெஃபீல்டில் இரண்டு காவலர்கள் ஒரு காரைச் சோதித்தார்கள். நம்பர் பிளேட் போலி. சிறுநீர் கழிக்க வேண்டும் என்று அவன் கொஞ்சம் ஒதுங்கிப் போனது சார்ஜென்ட் ராபர்ட் ரிங்குக்கு மறுநாள் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தார். ஒரு சுத்தியலும் கத்தியும் அங்கே கிடந்தன. அன்றிரவு அவன் காரில் ஒரு பெண் இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. அவர் உயிரோடு வீடு திரும்பினார்.

கொலைகாரன் தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே ஏற்பது இன்னொரு தவறு. பிங்லி கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் வேலையில் இருந்தபோது கடவுளின் குரல் கேட்டது, அது கொல்லச் சொன்னது என்றான் சட்க்ளிஃப். மனநல மருத்துவர்கள் ஏற்றார்கள், அரசுத் தரப்பும் ஏற்கத் தயாராக இருந்தது. நீதிபதி போரம்தான் இதை ஜூரி முடிவு செய்யட்டும் என்று பிடிவாதமாக நின்றார். தன்னைப் பைத்தியம் என்று நம்பவைத்தால் பத்து ஆண்டுகளோடு போய்விடும் என்கிற மாதிரி அவன் மனைவியிடம் பேசியதைக் கேட்டதாகச் சிறைக் காவலர் சாட்சி சொன்னார். ஜூரி அவனைக் கொலைக் குற்றவாளி என்றே தீர்மானித்தது. பிறகு 1984-இல் அவன் மனநல மருத்துவமனைக்கு மாற்றப்பட்டான் என்பதும் உண்மை. நோய் இருந்திருக்கலாம். ஆனாலும் அவன் வாய்மொழியை வழக்கின் சாவியாக எடுத்துக்கொள்வது சரியில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, இறந்தவர்களைத் தரம் பிரிப்பது. 1975 அக்டோபரில் லீட்ஸில் முதலில் கொல்லப்பட்டவர் வில்மா மெக்கன், நான்கு குழந்தைகளின் தாய். இவன் பாலியல் தொழிலாளிகளைக் கொல்பவன் என்று காவல்துறையும் பத்திரிகைகளும் முடிவு கட்டிக்கொண்டன. 1977-இல் 16 வயது ஜேன் மெக்டொனால்ட் கொல்லப்பட்டபோதுதான் 'அப்பாவிப் பெண்' என்ற சொல் வந்தது. அப்படியானால் முந்தையவர்கள் யார்? நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் மைக்கேல் ஹேவர்ஸே, பலியானவர்களில் சிலர் பாலியல் தொழிலாளிகள் அல்ல என்பதுதான் வழக்கின் மிகச் சோகமான பகுதி என்று பேசினார். அந்தக் காலத்தில் பயன்படுத்திய சொற்களுக்காக மேற்கு யார்க்‌ஷயர் காவல்துறை 2020-இல்தான் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு, கொலைகாரனின் பட்டப்பெயரை ஒரு ஆவணத் தொடருக்குத் தலைப்பாக வைத்ததற்குப் பலியானவர்களின் குடும்பத்தினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

நம் செய்தித்தாள்களின் 'அழகி கைது' தலைப்புகளும் இதே பழக்கம்தான். கொலைச் செய்தியில் பெண்ணின் 'நடத்தை' பற்றி ஒரு பத்தி தவறாமல் வந்துவிடும். எழுதுபவர்கள், வீடியோ செய்பவர்கள் அந்தப் பத்தியை எடுத்துவிட்டுப் பாருங்கள். நடந்ததைப் புரிந்துகொள்ள எதுவும் குறையாது.

இந்தத் தரம் பிரித்தல் விசாரணையையே கெடுத்தது. வில்மா கொல்லப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1975 ஆகஸ்டில், சில்ஸ்டன் கிராமத்துக்கு வெளியே 14 வயதுப் பள்ளிச் சிறுமி ஒருத்தியின் தலையில் சட்க்ளிஃப் தாக்கினான். அவள் பிழைத்தாள். தாக்கியவனின் முகத்தை விவரித்தாள். அதை வைத்துப் படமும் தயாரித்தார்கள். பாலியல் தொழிலாளி அல்லாத ஒரு சிறுமியைத் தாக்கியவன் இவனாக இருக்க முடியாது என்று அந்த வழக்கைத் தனியே ஒதுக்கினார்கள். அவளைத் தாக்கியது தான்தான் என்று சட்க்ளிஃப் ஒப்புக்கொண்டது 1992-இல்.

தாக்குவதற்கு முன் அந்த கிராமத்துச் சாலையில் அவன் அவளோடு பேசிக்கொண்டே நெடுந்தூரம் நடந்து வந்திருந்தான். கேசட் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அவள் கொலைகாரனின் உண்மையான குரலைக் கேட்டிருந்தாள்.