ஈரற்பாசி உலர்மாதிரிப் பதிவுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை வவுனியாவில், முல்லைத்தீவுத் தங்கை ஒருத்தி மடிக்கணினியில் ஒரு வரைபடம் காட்டினாள். மலைக்காட்டு ஈரற்பாசியான பிளாஜியோக்கைலாவின் பழைய பதிவுகள். நுவரெலியா, ஹக்கலைப் பக்கம் புள்ளிகள், சரி. தம்புள்ளைக்குக் கிழக்கே ஒரே இடத்தில் பதினொரு பதிவுகள். எனக்கு வயிறு எரிந்தது. தொடக்கத்தில் நானும் செய்த பிழை அது. எழுத்துப்பிழைகளை நீங்களே பிடிப்பீர்கள், அவற்றை விடுகிறேன்.

நாட்டின் நடுப்புள்ளி

பாசியை உலர்த்தித் தாளில் மடித்து வைத்த 19ஆம் நூற்றாண்டுப் பொதிகள் பலவற்றில் இடம் ‘சிலோன்’ என்று மட்டும் இருக்கும். அட்டவணையில் வெற்றிடம் கண்ணை உறுத்த, மென்பொருளிடம் ஆள்கூறு கேட்போம். 7.873054, 80.771797 என்று தரும். ஆறு தசமம் இருப்பதால் நம்பிவிடுகிறோம். அது தீவின் நடுப்புள்ளி, பாசியை எடுத்த இடமல்ல. நுவரெலியாவுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில், உலர்வலயத்தில் இருக்கிறது.

இந்தப் பாசிக்கு வேர் இல்லை. இலை ஒரே கலத் தடிப்பு. முகிலின் ஈரத்தை நேரே உறிஞ்சி வாழ்வது. நான் ஒன்பது பதிவுகளை இப்படி நிரப்பினேன். பாசி வாழக்கூடிய இடங்களைக் கணிக்கும் கணினி மொடல் அந்த இடத்து வெயிலையும் மழையையும் பாசிக்கு உகந்ததென்று எடுத்துக்கொண்டு, பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் எங்கள் வன்னிக் காட்டைப் பச்சையாகத் தீட்டியது. ஆவணியில் குளம் வற்றி வெடித்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான்; அப்படியிருந்தும் பிழை எங்கேயென்று கண்டுபிடிக்க மூன்று மாதம் போனது. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

வெற்றிடமாகவே விடுங்கள். ஆள்கூறு கட்டாயம் என்றால் வழு ஆரையையும், அதாவது உண்மையான இடம் அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் வரை விலகியிருக்கலாம் என்பதையும், எழுதுங்கள். தீவின் நீளம் சுமார் 430 கிலோமீட்டர். ஆரை 200 கிலோமீட்டருக்குக் குறையாது. அப்புறம், ஆள்கூற்றின்படி அட்டவணையை வரிசைப்படுத்துங்கள். வேறு வேறு சேகரிப்பாளர்கள், வேறு வேறு வருடங்கள், ஆனால் ஒரே ஆள்கூறு என்றால் அங்கே நிறுத்திப் பாருங்கள்.

அடியும் மீட்டரும்

பழைய உறையில் உயரம் ‘6000’ என்றால் அடி. தீவின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2524 மீட்டர்தான்.

இரட்டைப் பிரதிகள்

ஒரே சேகரிப்பின் துண்டு பேராதனை உலர்மாதிரிக் களஞ்சியத்திலும் இலண்டனிலும் இருக்கலாம். அதை ஒரே பதிவாகவே எண்ணுங்கள்.

பொதிக்குள் இருப்பது

மடித்த தாளைப் பிரித்தால் பழுப்புச் சிக்கலாக ஒரு பிடி. பிளாஜியோக்கைலாவோடு பசானியா என்ற இன்னொரு ஈரற்பாசியும் இரண்டு மொஸ்ஸும் பின்னிக் கிடக்கும். உறையில் உள்ள பெயர் எந்தத் தண்டுக்கு உரியதென்று நுணுக்குக்காட்டியில் பார்த்த பிறகே பதியுங்கள்.