கணினியில் பாட்டு கேட்க டேக் பொருத்துவதும் சோதிப்பதும்: புதியவர்களுக்கு

கணினியில் இருக்கும் பாட்டு வெறும் எண்களின் வரிசை. அதை மின்னழுத்தமாக மாற்றிக் கொடுத்தால்தான் ஹெட்போனோ ஸ்பீக்கரோ பாடும். அந்த மாற்றத்தைச் செய்யும் சாதனம்தான் டேக் (டிஜிட்டல்-டு-அனலாக் கன்வெர்ட்டர் என்பதன் சுருக்கம்). லேப்டாப்பில் ஹெட்போன் செருகும் துளை இருக்கிறதா? அப்படியானால் உள்ளே ஒரு டேக் ஏற்கெனவே இருக்கிறது. வெளியே இன்னொன்று வாங்க நியாயமான காரணங்கள் சில உண்டு. மவுஸை நகர்த்தினால் ஹெட்போனில் "கிர்ர்" என்று கேட்கும், இல்லையென்றால் சத்தம் போதாது, இல்லையென்றால் லேப்டாப்பில் துளையே கிடையாது. இவற்றில் எதுவும் இல்லாமல் "இன்னும் நன்றாகக் கேட்க வேண்டும்" என்ற ஆசை மட்டும்தான் என்றால், அந்தப் பணத்தை முதலில் ஹெட்போனில் போடுங்கள். இரண்டு ஹெட்போன்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் யார் காதுக்கும் உடனே தெரியும். இரண்டு நல்ல டேக்குகளுக்கு நடுவே உள்ளது அப்படியல்ல.

படி 1: எதை வாங்குவது

விளம்பரங்களில் சிப் பெயர்தான் பெரிதாக இருக்கும். ஈஎஸ்எஸ், ஏகேஎம் என்ற இரண்டு சிப் நிறுவனங்களின் பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகாவில் இருந்த ஏகேஎம் தொழிற்சாலை தீப்பிடித்தது. சிப் கிடைக்காமல் போகவே, பல டேக் தயாரிப்பாளர்கள் வேறு நிறுவனத்தின் சிப்பைப் போட்டு மாடல்களை மாற்றி வடிவமைத்தார்கள். ஒரு சிப்பைச் சுற்றியுள்ள பவர் சப்ளையும் அவுட்புட் சர்க்யூட்டும் சரியில்லை என்றால், எவ்வளவு பெயர் பெற்ற சிப்பானாலும் பிரயோஜனம் இல்லை. சிப் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஆம்ப்ளிஃபயரில் இணைப்பதென்றால் லைன் அவுட்டில் (ஆம்ப்புக்குப் போகும் துளையில்) 2 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். சிடி பிளேயர் காலத்திலிருந்து அதுதான் வழக்கமான அளவு. சின்ன யுஎஸ்பி டாங்கிள்கள் பலவற்றில் 1 வோல்ட் அளவுதான் வரும். அது தவறில்லை, ஆம்ப்பின் வால்யூமைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் போதும். நேரடியாக ஹெட்போன் செருகுவதென்றால் அவுட்புட் இம்பீடன்ஸை, அதாவது டேக்கின் வெளிவழியில் உள்ள மின்தடையைப் பாருங்கள். ஹெட்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓமுக்குள் இருக்க வேண்டும்.

படி 2: இணைப்பது

ஹப் வேண்டாம், கணினியின் யுஎஸ்பி போர்ட்டிலேயே நேராகச் செருகுங்கள். மேக்குக்கும் லினக்ஸுக்கும் டிரைவர் தேவையில்லை. விண்டோஸ் 10-இல் 2017-இல் வந்த 1703 பதிப்பு முதல் யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2-க்கான (யுஎஸ்பி வழியாக ஒலி அனுப்பும் பொதுவான முறை) டிரைவர் உள்ளேயே இருக்கிறது. அதற்கு முந்தைய விண்டோஸ் என்றால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிக்கொள்ள வேண்டும். முதல் முறை பாட்டு போடும்போது ஆம்ப்பின் வால்யூம் அடியில் இருக்கட்டும்.

"ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் பதற வேண்டாம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது கிரவுண்ட் லூப். சார்ஜரின் எர்த்தும் ஆம்ப்பின் எர்த்தும் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டன, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். தீரவில்லை என்றால், கணினியிலும் டேக்கிலும் ஆப்டிகல் வழி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அதில் வருவது வெளிச்சம் மட்டும் என்பதால் மின்தொடர்பே இருக்காது. அதுவும் இல்லையென்றால் யுஎஸ்பி ஐசோலேட்டர், அதாவது யுஎஸ்பி வழியின் மின்தொடர்பைப் பிரித்துவிடும் சின்னச் சாதனம். பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். உயிரோடு விளையாடும் வேலை அது, கேட்காதீர்கள்.

படி 3: எண்கள் மாறாமல் போகின்றனவா

சிடியிலிருந்து எடுத்த பாட்டு நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்து எழுதிய எண்கள்), ஒவ்வொன்றும் 16 பிட். விண்டோஸோ எல்லாச் சத்தத்தையும் ஒரே மிக்ஸரில் கலந்து, நீங்கள் அமைத்திருக்கும் ஒரே வேகத்துக்கு மாற்றித்தான் டேக்குக்கு அனுப்பும். பெரும்பாலும் அது 48,000-ஆக இருக்கும். இந்த மாற்றம் காதுக்குத் தெரியுமா என்றால், பெரும்பாலும் தெரியாது என்பேன். ஆனால் சோதனை செய்யப்போகிறவர் டேக்குக்கு என்ன போகிறது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

ஃபூபார்2000 பிளேயரை நிறுவுங்கள், இலவசம்தான். பிரிஃபரன்ஸஸில் பிளேபேக், அதற்குள் அவுட்புட். அங்கே டிவைஸ் பட்டியலில் உங்கள் டேக்கின் பெயர் இரண்டு முறை இருக்கும். பக்கத்தில் "எக்ஸ்க்ளூசிவ்" என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அவுட்புட் ஃபார்மட்டை 24 பிட்டில் வையுங்கள். இனி பிளேயர் மிக்ஸரைத் தாண்டி நேரே டேக்கிடம் பேசும். பாட்டு ஓடும்போது மெயில் வந்தால் "டிங்" என்று கேட்காது. எனக்கு அது ஒரு வரம்.

மேக்கில் ஆடியோ மிடி செட்டப் என்ற சின்ன மென்பொருளில் டேக்கைச் சொடுக்கி வேகத்தை நீங்களே அமைக்க வேண்டும். பாட்டு மாறும்போது அது தானாக மாறாது.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு 44.1 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 44,100 மாதிரிகள்) கோப்பையும் ஒரு 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். பல டேக்குகளில் எண் தெரியும், சிலவற்றில் விளக்கின் நிறம் மாறும். ஆடியோக்வெஸ்ட்டின் டிராகன்ஃபிளையில் 44.1-க்குப் பச்சை, 48-க்கு நீலம், 96-க்கு மெஜந்தா. விண்டோஸில் எந்தக் கோப்பைப் போட்டாலும் ஒரே நிறம்தான் என்றால் பாட்டு இன்னும் மிக்ஸர் வழியாகத்தான் வருகிறது.

பிளேயரின் வால்யூமைக் குறைத்தால் தரம் கெட்டுவிடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபெல். 24 பிட்டில் அனுப்பும்போது 30 டெசிபெல் குறைத்தாலும் 5 பிட்தான் செலவு. சிடியின் 16 பிட்டுக்கு அப்போதும் இடம் மிச்சம் இருக்கிறது.

படி 4: சத்தத்தைச் சமப்படுத்துவது

இனி புது டேக்கை உங்களிடம் ஏற்கெனவே இருப்பதோடு ஒப்பிடப்போகிறோம். டேக் ஒப்பீடுகளில் முக்கால்வாசி இங்கேதான் சறுக்குகின்றன. கொஞ்சம் உரக்கக் கேட்பதைக் காது "உரக்க" என்று எடுத்துக்கொள்ளாது. "தெளிவு", "ஆழம்", "மேடை விரிந்திருக்கிறது" என்றுதான் எடுத்துக்கொள்ளும். புது டேக் 5 சதவீதம் கூடுதல் மின்னழுத்தம் தந்தால் அது சுமார் 0.4 டெசிபெல். சத்தம் கூடியதே தெரியாது, ஆனால் புதியது பிடித்துப்போகும். இரண்டும் 0.1 டெசிபெலுக்குள், அதாவது 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். காதால் இதைச் செய்ய முடியாது, மல்டிமீட்டர் வேண்டும்.

எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சின்ன மஞ்சள் மீட்டர், டிடி830டி, இதற்கு உதவாது. அதன் ஏசி அளவு 200 வோல்ட்டில்தான் தொடங்குகிறது, 0.1 வோல்ட்டுக்குக் கீழே காட்டாது. டிடி9205ஏ போல ஏசியில் 2 வோல்ட் அளவு உள்ளது வேண்டும்.

ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஜெனரேட் மெனுவில் டோன். சைன் அலை, 200 ஹெர்ட்ஸ், ஆம்ப்ளிட்யூட் 0.5, ஒரு நிமிடம். வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஏன் 1000 ஹெர்ட்ஸ் இல்லை? இந்த விலை மீட்டர்கள் 40 முதல் 400 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பகமாக அளக்கும். இனி கோப்பை ஓடவிட்டு, டேக்கிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் ஆர்சிஏ கேபிளின் நடு முனையில் ஒரு புரோபையும் வெளி வளையத்தில் இன்னொன்றையும் வையுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று உரசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2 வோல்ட் டேக் என்றால் 1.000-ஐ ஒட்டி ஏதாவது காட்டும். மற்றதில் 1.050 வந்தால், அதைக் கேட்கும்போது பிளேயர் வால்யூமை 0.4 டெசிபெல் இறக்கி மறுபடி அளந்துகொள்ளுங்கள். ஹெட்போன் அவுட்டை அளப்பதென்றால் ஸ்ப்ளிட்டர் போட்டு, ஹெட்போன் செருகியிருக்கும்போதே அளக்க வேண்டும். சுமை இல்லாதபோது வரும் அளவு வேறு.

படி 5: பார்க்காமல் கேட்பது

டேக் இரண்டையும் ஆம்ப்பின் இரண்டு இன்புட்களில் கொடுங்கள். மேக்கில் மல்டி-அவுட்புட் டிவைஸ் ஒன்றை உருவாக்கினால் ஒரே பாட்டு இரண்டுக்கும் சேர்ந்து போகும். விண்டோஸில் ஒவ்வொரு முறையும் நிறுத்தி மாற்ற வேண்டியிருக்கும், பரவாயில்லை. வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு, உங்கள் முதுகுக்குப் பின்னால் நாணயம் சுண்டி, பூ விழுந்தால் ஒன்று, தலை விழுந்தால் மற்றது என்று மாற்றச் சொல்லுங்கள். இருவரும் தனித்தனியே எழுதிக்கொள்ள வேண்டும். உங்களைப் பார்த்து அவர் சிரிக்கக் கூடாது.

முழுப் பாட்டும் வேண்டாம், பத்து நொடித் துண்டு போதும். தம்புராவின் நாதம், கச்சேரிக் கைதட்டல், பாடகியின் "ஸ", பியானோவின் கடைசி ஸ்வரம் தேய்ந்து மறையும் இடம் ஆகியவை நல்ல துண்டுகள்.

16 சுற்று வையுங்கள். சும்மா ஊகித்தாலே சுமார் 8 சரியாக வரும். 12 அல்லது அதற்கு மேல் ஊகத்தால் மட்டும் வருவதற்கான வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு, அதனால் 12-ஐ எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளலாம்.

சிடியைவிடக் கூடுதல் மாதிரிகளோ பிட்களோ உள்ள உயர் தெளிவுக் கோப்புகளைப் பற்றியும் இதே மாதிரி சோதித்திருக்கிறார்கள். 2007-இல் மேயரும் மோரனும் வெளியிட்ட ஆய்வில், உயர் தெளிவு ஒலியையும், அதையே சிடி தரத்துக்குக் குறைத்ததையும் 554 முறை கேட்டு எது எது என்று சொல்லவைத்தார்கள். 276 முறை சரியாகச் சொன்னார்கள், அதாவது நாணயம் சுண்டியது போலத்தான். 2016-இல் ரைஸ் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி 52.3 சதவீதம் வந்தது. வித்தியாசம் இருக்கலாம், ஆனால் இம்மியளவுதான்.

உங்களுக்கு 12 வரவில்லையா? திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் டேக்கை அனுப்பிவிடலாம். வடிவமோ அந்தக் குமிழோ பிடித்துப்போனால் வைத்துக்கொள்வதிலும் தப்பில்லை. 12-ஐத் தொட்டுவிட்டீர்கள் என்றால் மார்தட்டும் முன் மின்னழுத்தத்தை மறுபடி அளந்து, இடமும் வலமும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டேக்கின் ஃபில்டர் அமைப்பைப் பாருங்கள். எண்களை மின்னழுத்தமாக்கும்போது கேட்கும் எல்லைக்கு மேலே வரும் தேவையற்றதை வடிகட்டுவதுதான் ஃபில்டர். ஃபில்டரே இல்லாத பழைய பாணி டேக்குகளில், சிடி பாட்டின் 20 கிலோஹெர்ட்ஸ் பகுதி 3 டெசிபெல் அளவுக்கு இறங்கிவிடும். இளம் காதுக்கு அது பிடிபடலாம். அப்படியானால் நீங்கள் கேட்ட வித்தியாசம் நிஜம்தான், அதன் காரணமும் கையில் கிடைத்துவிட்டது.