கல்லூரியில் முன்னாள் மாணவர் விருது: முதல்முறை நடத்துபவர்களுக்கான வழிகாட்டி

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரப்போகிறது என்றதும்தான் பல கல்லூரிகளில் முன்னாள் மாணவர் சங்கத்தின் நினைவே வரும். நாக் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்பையும் பார்ப்பார்கள் என்பதால், "ஒரு விருது கொடுத்துவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். தொடங்குவதற்கு அது ஒன்றும் மோசமான காரணம் இல்லை. ஆனால் அவசரத்தில் தொடங்கிய விருது முதல் ஆண்டு தாளாளரின் நண்பருக்கும், அடுத்த ஆண்டு நன்கொடை தந்தவருக்கும் போய்ச் சேரும். மூன்றாம் ஆண்டு அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

சங்கத்தின் புதுச் செயலாளரோ, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் சார்" என்று பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட பேராசிரியரோ, இந்த வரிசையில் போனால் சிரமம் குறையும்.

1. விதிகளை எழுதுங்கள், பெயர்களை அப்புறம் பேசலாம்

ஒரு பக்கம் போதும். முதல் கேள்வி: யார் முன்னாள் மாணவர்? "இங்கே பட்டம் பெற்றவர்" என்று எழுதத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். கணிதமேதை ராமானுஜன் 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தோற்று, உதவித்தொகையையும் இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. (பட்டப்படிப்புக்கு முந்தைய அன்றைய தேர்வு) தேறவில்லை. பட்டம்தான் தகுதி என்றால் இந்த இரண்டு கல்லூரிகளும் அவருக்கு விருது தர முடியாது! "குறைந்தது ஓராண்டு படித்தவர்" என்று வைப்பது நல்லது.

சங்க நிர்வாகிகளும் தேர்வுக் குழுவினரும் பதவியில் இருக்கும்போதும், விலகி இரண்டு ஆண்டு வரையும் விருது பெறக் கூடாது. மறைந்தவர்களுக்குத் தருவீர்களா, மாட்டீர்களா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பதவியில் இருக்கும் அரசியல்வாதிகளைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. அவர்களை மேடையேற்றக் காரணங்கள் நிறைய உண்டு, விருது அதில் ஒன்றாக வேண்டாம்.

இன்னொரு வரியை மறக்காமல் சேருங்கள்: "தகுதியானவர் இல்லையென்றால் அந்த ஆண்டு அந்தப் பிரிவில் விருது இல்லை." பிற்பாடு யாராவது நெருக்கும்போது இந்த வரிதான் கைகொடுக்கும்.

2. சாதித்தவர் வேறு, ஆதரித்தவர் வேறு

இந்த இரண்டையும் கலந்துவிட்டால் விருது நன்கொடை ரசீதாகிவிடும். ஐ.ஐ.டி. மெட்ராஸில் 1970-இல் எம்.டெக். முடித்த கிருஷ்ணா சிவுகுலா 2024-இல் அந்த நிறுவனத்துக்கு 228 கோடி ரூபாய் கொடுத்தார். அதற்கான நன்றியாக ஒரு கல்விக் கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அங்கே சிறந்த முன்னாள் மாணவர் விருது என்பது தனி ஏற்பாடு. கிண்டியில் எல்லோரும் 'ஏசி டெக்' என்று கூப்பிடும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியின் பெயரில் இருக்கும் அழகப்பரும், 1944-இல் அது தொடங்கக் கொடையளித்தவர்தான். பணத்துக்கு நன்றி சொல்லக் கட்டடம், ஆய்வகம், உதவித்தொகை என்று வழிகள் இருக்கின்றன.

தொடக்கத்துக்கு மூன்று பிரிவு போதும்: வாழ்நாள் சாதனை, நாற்பது வயதுக்குட்பட்ட இளம் சாதனையாளர், கல்லூரிக்குத் துணை நின்றவர். மூன்றாவது பிரிவுக்கு முன்னாள் மாணவராக இருக்க வேண்டியதில்லை, பணம் தந்திருக்க வேண்டியதும் இல்லை. சனிக்கிழமைதோறும் வந்து இறுதியாண்டு மாணவர்களுக்கு மாதிரி நேர்காணல் நடத்துபவர், முப்பது ஆண்டு வேதியியல் லேபில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இவர்களெல்லாம் இதில் வரலாம். லேப் அட்டெண்டர் மேடையேறினால் எழும் கைதட்டல் எந்தத் தொழிலதிபருக்கும் கிடைக்காது.

3. பரிந்துரைகளைத் திரட்டுங்கள்

டிசம்பர் கடைசியில் விழா என்றால் ஜூனிலேயே கூகுள் படிவத்தைச் சுற்றுக்கு விடுங்கள், ஆகஸ்ட் இறுதியில் மூடுங்கள். படிவம் சிறியதாக இருக்கட்டும்: பெயர், துறை, படித்த ஆண்டு, என்ன செய்தார், அதற்கு என்ன ஆதாரம், பரிந்துரைப்பவர் யார். "என்ன செய்தார்" என்ற கட்டத்துக்கு 200 சொல் வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் முழு பயோடேட்டாவும் வந்து விழும்.

வாட்ஸ்அப் குழுக்களை மட்டும் நம்பினால் கணினித் துறை ஆட்களின் பெயர்களாகவே வரும். தமிழ், வரலாறு, தாவரவியல் படித்தவர்களின் குழுக்கள் அவ்வளவு பரபரப்பாக இருக்காது. அந்தத் துறைகளின் பழைய பேராசிரியர்களுக்குப் போன் போட்டு, "உங்ககிட்ட படிச்சதிலே யாரைச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் மூன்று பெயர் கிடைக்கும்.

பெண்களின் பெயர்கள் குறைவாக வருவதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. படிக்கும்போது அப்பாவின் இனிஷியல், கல்யாணத்துக்குப் பின் கணவரின் இனிஷியல். பதிவேட்டில் 'கே. மல்லிகா' என்றிருப்பவர் இன்று 'எம். மல்லிகா'. பெயரை வைத்துத் தேடாமல் பதிவு எண், துறை, ஆண்டு ஆகியவற்றை வைத்துத் தேடுங்கள்.

செய்தித்தாளில் ஏற்கெனவே வந்துவிட்ட பெயர்களின் பின்னால் மட்டும் ஓடவும் வேண்டாம். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதும், திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் எங்கெங்கே படித்தார் என்று நாடே தேடியது. டிப்ளமோவில் தொடங்கி திருச்சி என்.ஐ.டி., ஐ.ஐ.டி. மெட்ராஸ் வரை பட்டியல் நீளம். அப்படிப்பட்டவரைக் கொண்டாட நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் படிவம் தேட வேண்டியது, நீங்கள் சொன்னால்தான் வெளியே தெரியவரும் ஆளை.

4. தேர்வுக் குழு

ஐந்து பேர். அதில் ஒருவராவது கல்லூரிக்குச் சம்பந்தமில்லாதவர். ஒவ்வொருவரும் தனியாக மதிப்பெண் போட்டுத் தந்த பிறகே கூடிப் பேச வேண்டும். முதலில் பேசினால், மூத்தவர் சொன்னதற்கே எல்லோரும் தலையாட்டுவார்கள். உறவினரோ தொழில் பங்காளியோ பட்டியலில் இருந்தால் அந்த உறுப்பினர் அந்தப் பெயருக்கு மதிப்பெண் போடக் கூடாது.

முதல் இரண்டு பிரிவில் தேர்வானவர் இங்கே படித்ததை அலுவலகப் பதிவேட்டில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். வழக்கு, மோசடிப் புகார் எதுவும் உண்டா என்று இணையத்திலும் தேடுங்கள். முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

5. தகவல் சொல்வது

முதலில் போன், பிறகு கடிதம். அரசுப் பணியில் இருப்பவர் என்றால் கடிதம் குறைந்தது இரண்டு மாதம் முன்பே போக வேண்டும். தனியார் அமைப்பு தரும் விருதை வாங்க அவர் மேலிடத்தில் முன் அனுமதி பெற வேண்டியிருக்கும். பணமுடிப்பு இருந்தால் அனுமதி கிடைப்பது கடினம். அதனால் விருதோடு பணம் வைக்காமல் இருப்பதே மேல்.

6. பாராட்டுரை எழுதுவது

நேரத்தை இங்கே தாராளமாகச் செலவிடுங்கள். ஷீல்டு அலமாரிக்குப் போய்விடும், பாராட்டுப் பத்திரத்தைத்தான் வீட்டில் சட்டம் போட்டு மாட்டுவார்கள். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்:

"கல்விக் கடலில் முத்தெடுத்து, சேவை வானில் விடிவெள்ளியாய்ச் சுடர்விடும் செம்மலே!"

இதை யாருக்கு வேண்டுமானாலும் வாசிக்கலாம். அதற்குப் பதில்:

"விலங்கியல் மாணவர், 1988. அரசுப் பள்ளி ஆசிரியராகத் தன் ஊர் ஏரிக்கு வரும் பறவைகளை மாணவர்களோடு சேர்ந்து ஆண்டுதோறும் கணக்கெடுத்தார். ஏரியில் குப்பை கொட்டுவதை ஊராட்சி நிறுத்தியது அந்தக் கணக்கைக் காட்டித்தான்."

மூன்றே வாக்கியத்தில் ஆள் தெரிகிறார். 100 சொல்லுக்குள் முடியுங்கள், மேடையில் ஒரு நிமிடத்தில் வாசித்துவிடலாம். அச்சுக்குப் போகுமுன் விருதாளருக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இனிஷியலை 'எஸ்.' என்று போடுகிறாரா 'சு.' என்று போடுகிறாரா என்பதையும் அவரிடமே கேளுங்கள். ஃப்ளெக்ஸ் பேனருக்கும் அதே எழுத்துதான் போக வேண்டும்.

7. விழா

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வருவது டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதல் வாரத்திலும். பருவத் தேர்வு இல்லாத நாளாகப் பார்த்து அதற்குள் வையுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை முடிந்ததும் நேராக விருதுக்கு வந்துவிடுங்கள். சிறப்பு விருந்தினர் ஒரு மணிநேரம் பேசி முடித்த பிறகு, பசியோடு இருக்கும் கூட்டத்தின் முன்னால் விருது கொடுப்பது விருதாளருக்குச் செய்யும் அவமரியாதை. பொன்னாடை விருதாளர்களுக்கு மட்டும் போதும். ஏற்புரைக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம். மதியம் அவரவர் படித்த துறைக்கு அழைத்துப்போய் மாணவர்களோடு உட்கார வையுங்கள். மேடையில் சொல்லாததெல்லாம் அங்கேதான் வரும்.

8. பணம்

சங்கத்தைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். நன்கொடையாளருக்கு, 80ஜி என்று சொல்லப்படும் வருமான வரிச்சலுகை கிடைக்க வேண்டுமென்றால் வருமான வரித் துறையில் தனியாகப் பதிய வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகை கிடையாது, வங்கி வழியாகவே வாங்குங்கள். வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட வகுப்புத் தோழர் அனுப்பினால் ஆகும். அதை வாங்க வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் இதே கதைதான்.

ஆண்டுதோறும் வசூலுக்கு அலையாமல் இருக்க, பல்கலைக்கழகங்கள் அறக்கட்டளைச் சொற்பொழிவு நடத்தும் முறையைப் பின்பற்றலாம். ஒரு தொகையை வைப்புநிதியில் போட்டு, வட்டியில் மட்டும் செலவு செய்யுங்கள். வட்டிக்குள் அடங்காத விழா நமக்கு வேண்டாம்.

விழா முடிந்த வாரத்திலேயே பாராட்டுரைகளையும் படங்களையும் கல்லூரி இணையதளத்தில் ஏற்றிவிடுங்கள். இந்த முறை தேர்வாகாத பரிந்துரைகளைத் தூக்கி எறிய வேண்டாம். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு அவை பட்டியலில் இருக்கும் என்று பரிந்துரைத்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, தேர்வுக் குழுவில் இடம் காலியானால் இந்த ஆண்டு விருது பெற்றவர்களில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்.